லாட்ஜும் நற்கருணையும்: ஃப்ரீமேசன் அமைப்பில் சேர்வதைத் திருச்சபைகள் ஏன் எதிர்க்கின்றன?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதவன். என்னோடு சென்னையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்தவர் ஒருவர் ஃப்ரீமேசன் (சுருக்கமாக மேசன்) எனப்படும் சகோதரத்துவச் சங்கத்தின் கிளையான லாட்ஜ் ஒன்றில் உறுப்பினர் என்பது அண்மையில்தான் எனக்குத் தெரியவந்தது. நானாகவே அவரிடம் விசாரித்தபோது, விருப்பம் இருந்தால் என் பெயரை முன்மொழிவதாகச் சொன்னார். நேர்மையிலும் இரக்கத்திலும் அவருக்கு இணையானவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

பங்குத்தந்தையிடம் கேட்டேன். "கூடாது" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் திருப்பலிக்கு நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் பார்த்தேன். திருச்சபைக்கு எதிராகச் சதி செய்யும் சங்கத்தில் சேர்பவருக்குத் தகுந்த தண்டனை என்று 1374ஆம் விதி சொல்கிறதே தவிர, ஃப்ரீமேசன் என்ற பெயரே அதில் இல்லை. சதி எதுவும் செய்யாத ஒரு லாட்ஜில் சேர்ந்தால் அந்த விதி எனக்கு எப்படிப் பொருந்தும்?

என்னை உண்மையில் உறுத்துவது இன்னொன்று. அம்மாவைப் பெற்ற தாத்தா சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்; சபையில் பொறுப்புகள் வகித்தவர். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, அவர் தினமும் வாசித்த வேதாகமத்துக்கு அடியில், நீலக் கரை வைத்த வெள்ளைத் தோல் ஏப்ரன் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அது பாடகர் குழுவின் உடுப்பு என்று அம்மா நினைத்திருந்தார். அது மேசன்கள் கூட்டத்தில் அணிவது என்று எனக்கு இப்போதுதான் தெரியும். வேதாகமமும் அந்த ஏப்ரனும் ஒரே பெட்டியில் இருந்ததில் தாத்தாவுக்கு எந்த முரணும் தெரியவில்லை. என் சபைக்கு அது பெரும் முரணாகத் தெரிகிறது. ஏன் இந்த வேறுபாடு என்பதை அறிந்தவர்கள் பொறுமையோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறைநூல்வாசகன்

சகோதரருக்கு வணக்கம். நான் குருமடத்தில் சில ஆண்டுகள் படித்துவிட்டு, அந்த அழைத்தல் எனக்குரியது அல்ல என்று உணர்ந்து வெளியே வந்தவன். திருச்சபைச் சட்டத்தின் மீது அங்கே பிறந்த ஈடுபாடு மட்டும் இன்றும் குறையவில்லை.

பெயர் ஏன் விடுபட்டது என்ற உங்கள் கேள்விக்கு விடை இரண்டு தேதிகளில் இருக்கிறது. புதிய சட்டத் தொகுப்பு 1983 நவம்பர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாளே, நவம்பர் 26 அன்று, உரோமையில் விசுவாசப் போதனைகளைக் கவனிக்கும் துறையான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அதில் கையொப்பமிட்டவர் அன்று கர்தினாலாக இருந்து பின்னர் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன ராட்சிங்கர். ஒப்புதல் தந்தவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். நீங்கள் எழுப்பிய அதே ஐயத்துக்குத்தான் அந்த அறிவிப்பு பதில் சொல்கிறது. பெயர் விடுபட்டது தொகுப்பை எழுதிய முறையினால்தான். விரிந்த வகைப்பாடுகளுக்குள் அடங்கியதால் வேறு சங்கங்களின் பெயர்களும் அவ்வாறே விடப்பட்டன. திருச்சபையின் எதிர்மறையான தீர்ப்பு மாறவில்லை. மேசன் சங்கங்களில் சேரும் விசுவாசிகள் பெரும் பாவ நிலையில் இருக்கிறார்கள். அவர்கள் நற்கருணை பெறக் கூடாது. எங்கள் ஊர் லாட்ஜ் நல்லது என்று சொல்லி இதற்கு மாறாகத் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் உள்ளூர் ஆயர்களுக்கும் இல்லை என்று அது தெளிவாகக் கூறுகிறது.

இவ்வளவு அவசரமாக அறிவிக்க வேண்டிய தேவை என்ன? 1917ஆம் ஆண்டின் பழைய தொகுப்பில் 2335ஆம் விதி மேசன்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. சேர்ந்தவர் சேர்ந்த கணமே திருச்சபை விலக்கத்துக்கு உள்ளாவார். அதை நீக்கும் அதிகாரம் உரோமைக்கே உரியது. ஆனால் 1974ஆம் ஆண்டில் அதே பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் ஷெப்பர் எழுதிய கடிதம் ஒன்று, உண்மையிலேயே திருச்சபைக்கு எதிராகச் செயல்படும் சங்கங்களில் சேர்ந்தவர்களுக்கே அந்தத் தண்டனை பொருந்தும் என்று பொருள்கொள்ள இடமளித்தது. பல நாடுகளில் கத்தோலிக்கர்கள் இதை அனுமதியாக எடுத்துக்கொண்டு, நல்லெண்ணத்தோடுதான், லாட்ஜ்களில் சேர்ந்தார்கள். கடிதம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று 1981ஆம் ஆண்டில் உரோமை விளக்கம் கொடுத்தது. அந்தக் குழப்பத்தின் நிழலில்தான் புதிய தொகுப்பு வந்தது.

இந்த நிலைப்பாட்டின் வேர் 1738ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் வெளியிட்ட ஆணையில் இருக்கிறது. எல்லா மதத்தாரும் பிரிவினரும் ஒன்றாய்க் கூடுவது, வேதாகமத்தின் மீது ஆணையிட்டு இரகசியம் காப்பது, அவர்கள் தீமை செய்யவில்லை என்றால் வெளிச்சத்துக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்ற ஐயம் ஆகியவை அதில் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அதன்பின் பல திருத்தந்தையர் அதை உறுதிசெய்தார்கள். அவற்றுள் விரிவானது 1884ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ எழுதிய சுற்றுமடல்.

மிக அண்மைச் செய்தி 2023 நவம்பர் மாதத்தைச் சேர்ந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் துமாகெட்டே மறைமாவட்ட ஆயர், தம் மக்களிடையே மேசன்கள் பெருகிவருவதைக் கண்டு உரோமையின் வழிகாட்டலைக் கேட்டார். கர்தினால் பெர்னாண்டஸ் கையொப்பமிட்டு, திருத்தந்தை பிரான்சிஸ் ஒப்புதல் தந்த பதில், 1983ஆம் ஆண்டின் தீர்ப்பை அப்படியே மீண்டும் சொன்னது. தடையை அறிவித்தால் மட்டும் போதாது, எல்லாப் பங்குகளிலும் இதைப் பற்றி மறைக்கல்வி தரவேண்டும் என்றும் ஆயர்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பங்குத்தந்தை தர வேண்டியிருந்தது அந்த மறைக்கல்வியைத்தான் என்பது என் தாழ்மையான கருத்து.

மூன்றாம்படி

நான் சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானம் பெற்றவன், நெடுங்கால மேசன். தாத்தாவைப் பற்றி நண்பர் எழுதியது என் மனத்தைத் தொட்டது. அவருக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன்.

லாட்ஜில் சேர விரும்புபவரிடம் கேட்கப்படும் முதன்மையான கேள்வி, உமக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்பதுதான். இல்லை என்பவரை நாங்கள் சேர்ப்பதில்லை. கூட்டத்தில் மதத்தையும் அரசியலையும் விவாதிக்கக் கூடாது. நம் நாட்டு லாட்ஜ்களில் வேதாகமம், பகவத்கீதை, குர்ஆன் போன்ற திருநூல்கள் திறந்து வைக்கப்பட்டிருக்கும். உறுதிமொழி எடுப்பவர் தம் சமயத்தின் நூலின் மீது கை வைப்பார். இறைவனை உலகின் பெருஞ்சிற்பி என்று அழைக்கிறோம். அது யாருக்கும் அந்நியமாகத் தோன்றாத ஒரு பெயரே தவிரப் புதிய தெய்வம் அன்று. நாங்கள் இரட்சிப்பை வாக்களிப்பதில்லை. சடங்கு முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை அவரவர் ஆலயத்துக்குப் போகிறோம்.

1717ஆம் ஆண்டில் இலண்டனில் நான்கு லாட்ஜ்கள் கூடிப் பேரவை அமைத்ததைத்தான் எங்கள் தொடக்கமாகச் சொல்கிறோம். 1723ஆம் ஆண்டில் எங்கள் விதிநூலை எழுதிய ஜேம்ஸ் ஆண்டர்சன் ஒரு பிரெஸ்பிட்டேரியன் போதகர். அவருக்குத் துணைநின்ற தெசாகுலியே ஆங்கிலிக்கன் குருவானவர். சமயப் போர்களால் களைத்துப்போன ஒரு நாட்டில், வெவ்வேறு சபையார் ஒருவரையொருவர் வெறுக்காமல் அமர்ந்து பேச ஓர் அறையைக் கட்டினார்கள். நம் மண்ணிலும் அதற்குச் சான்று உண்டு: ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1775ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் மேசனாகச் சேர்க்கப்பட்டார்.

கத்தோலிக்க நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். 1877ஆம் ஆண்டில் பிரான்சின் மேசன் பேரவையான கிராண்ட் ஓரியண்ட், உறுப்பினருக்குக் கடவுள் நம்பிக்கை வேண்டும் என்ற விதியை நீக்கியது. அதை ஏற்காமல் இங்கிலாந்துப் பேரவை அவர்களோடு உறவை முறித்துக்கொண்டது. 1961ஆம் ஆண்டில் உருவான இந்தியப் பேரவை அந்த ஆங்கில மரபைச் சேர்ந்தது. குருக்களை எதிர்த்துப் போராடிய இத்தாலிய, பிரெஞ்சு லாட்ஜ்களின் கணக்கை எங்கள் தலையில் எழுதுவது நியாயமா?

விழித்திரு

இந்த இழையில் பலர் மென்மையாகப் பேசுகிறீர்கள். மேசன் அமைப்பின் மேல்படிகளில், அதாவது உயர் தரநிலைகளில், இருப்பவர்கள் லூசிபரை வணங்குகிறார்கள் என்று அமெரிக்க மேசன் தலைவர் ஒருவரே எழுதியிருக்கிறார். கீழ்ப்படியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. இணையத்தில் தேடினால் ஆதாரம் கிடைக்கும். என் சகோதர சகோதரிகள் ஏமாந்துவிடக் கூடாது என்ற பாரத்தால் இதைச் சொல்கிறேன்.

பழையஏடு

விழித்திரு அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்த லூசிபர் மேற்கோள் பொய்யானது. அது எங்கிருந்து வந்தது என்பது முழுமையாகவே தெரிந்த வரலாறு. லியோ தாக்சில் என்ற புனைபெயரில் எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவர், 1885ஆம் ஆண்டில் மனந்திரும்பிய கத்தோலிக்கராகத் தம்மை அறிவித்துக்கொண்டு, மேசன்களின் சாத்தான் வழிபாடு பற்றி நூல் மேல் நூலாக எழுதினார். திருத்தந்தையையே நேரில் சந்தித்தார். டயானா வாகன் என்ற பெண் சாத்தானின் பிடியிலிருந்து மீண்டதாகக் கதை கட்டினார்; பக்தியுள்ள மக்கள் அவளுக்காக ஜெபித்தார்கள். 1897 ஏப்ரல் 19 அன்று பாரிசில் ஒரு மண்டபத்தில் மக்களைக் கூட்டி, எல்லாம் தாம் புனைந்தது, டயானாவின் கதையும் கட்டுக்கதையே என்று அறிவித்தார். லூசிபர் மேற்கோள் அந்த வட்டத்தில் பிறந்ததுதான். பொய்யைக் கையில் எடுத்தால் உண்மையான எதிர்ப்பும் வலுவிழந்துபோகும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

இனிப் பொருநைக்கரை அவர்களின் தாத்தாவுக்கு வருகிறேன். அவர் வாழ்ந்த தலைமுறையின் ஆங்கிலிக்கன் உலகத்தில் மேசனாக இருப்பது ஒளித்துவைக்க வேண்டிய செயல் அன்று. 1945 முதல் 1961 வரை கான்டர்பரி பேராயராக இருந்து, இரண்டாம் எலிசபெத் அரசிக்கு முடிசூட்டிய ஜெஃப்ரி ஃபிஷரே மேசன். இங்கிலாந்தில் பேராயர் மேசனாக இருக்கும்போது இங்கே ஒரு சபை மூப்பர் ஏன் தயங்கப்போகிறார்?

மாற்றம் 1980களில் வந்தது. 1985ஆம் ஆண்டில் பிரிட்டன் மெதடிஸ்ட் மாநாடு, தம் மக்கள் மேசன்களாகச் சேர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அதே காலத்தில் இங்கிலாந்து சபையின் பொதுச் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. மேசன்களும் அக்குழுவில் இருந்தார்கள். 1987ஆம் ஆண்டில் வந்த அறிக்கை, மேசன் சடங்குகளும் கிறிஸ்தவமும் ஒத்துப்போகுமா என்று கேட்க அடிப்படையான காரணங்கள் பல இருக்கின்றன என்றது. குறிப்பாக, ராயல் ஆர்ச் என்ற படியில் இறைவனுக்கு வழங்கிய ஒரு கூட்டுப்பெயரைக் குழுவினர் சிலர் தெய்வநிந்தனை என்றே கருதினர். யாவேயின் பெயரோடு பாகால் முதலிய புறத்தெய்வங்களின் பெயர்களையும் அது இணைக்கிறது என்பது அவர்கள் வாதம். பொதுச் சங்கம் பெரும் வாக்கு வித்தியாசத்தில் அந்த அறிக்கையை ஏற்றது. ஆனால் தடை விதிக்கவில்லை. சிந்தித்துப் பார்க்கக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த விமரிசனங்கள் வீண்போகவில்லை. 1986ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பேரவை, உறுதிமொழியில் இடம்பெற்றிருந்த கழுத்தறுப்பு முதலான கொடுந்தண்டனைச் சொற்களை நீக்கியது. 1989ஆம் ஆண்டில் சர்ச்சைக்குரிய அந்தப் பெயரையும் கைவிட்டது. திருச்சபைகள் கேள்வி கேட்டதால் லாட்ஜின் சடங்கே மாறிய நிகழ்வு இது.

அதன்பிறகும் சங்கடம் தீரவில்லை. 2002ஆம் ஆண்டில் ரோவன் வில்லியம்ஸ் கான்டர்பரி பேராயராகப் பொறுப்பேற்கும் வேளையில், மேசன் உறுப்பினர் நிலை கிறிஸ்தவப் பணியோடு பொருந்துமா என்ற தம் ஐயம் வெளியே தெரிந்துவிட, அடுத்த ஆண்டில் மனம் புண்பட்ட மேசன்களிடம் வருத்தம் தெரிவித்தார். அவருடைய தகப்பனாரே மேசன். தம் தகப்பனை மதிக்கும் ஒருவர், அவர் சேர்ந்திருந்த அமைப்பைப் பற்றி ஐயம் கொள்வதும் கூடும் என்பதை நண்பருக்காக இங்கே குறிப்பிடுகிறேன். 2011ஆம் ஆண்டில் எப்ஸ்ஃபிளீட் ஆயராக நியமிக்கப்பட்டவர் மேசன் என்று தெரிந்து கேள்விகள் எழுந்தபோது, ஆயர் பணிக்குத் தடையாகிவிடக் கூடாது என்று அவர் லாட்ஜைவிட்டு விலகினார்.

ஒலிவமரம்

நான் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவள். அண்ணன்மார் வரலாறும் சட்டமும் எழுதியிருக்கிறீர்கள். வேதத்தை வைத்து ஓர் எளிய விசுவாசியின் பக்கத்தை எழுத விரும்புகிறேன்.

எனக்குப் பிரச்சினை லாட்ஜின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. என்ன சொல்லப்போகிறார்கள் என்று முழுமையாக அறியாத நிலையில், அதை வெளியிடமாட்டேன் என்று கடவுள்முன் ஆணையிடுவது எப்படி? "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்லுங்கள், அதற்கு மிஞ்சினது தீமையினால் உண்டாயிருக்கும் என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்னாரே. பிரதான ஆசாரியன் தம்மை விசாரித்தபோதும், தாம் இரகசியமாக எதையும் பேசவில்லை, வெளியரங்கமாகவே பேசினேன் என்றுதான் சொன்னார். அவருடைய சீஷனுக்குப் பூட்டிய கதவு எதற்கு?

அமெரிக்க எழுப்புதல் பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னி இளமையில் மேசனாக இருந்தவர். இரட்சிக்கப்பட்டபின் லாட்ஜுக்குச் சென்று ஜெபித்தும் மனம் சோர்ந்தே திரும்பினார்; அதன் செயல்களில் தமக்கு இனி ஐக்கியம் இல்லை என்று உணர்ந்து விலகினார். 1826ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில், மேசன் இரகசியங்களை அச்சிடப்போவதாகச் சொன்ன வில்லியம் மார்கன் கடத்தப்பட்டுக் காணாமற்போனார். அதனால் எழுந்த கொந்தளிப்பில் மேசன்களுக்கு எதிராக ஓர் அரசியல் கட்சியே உருவானது. ஃபின்னி தம் முதுமையில், 1869ஆம் ஆண்டில், மேசன் அமைப்பைப் பற்றி ஒரு நூலே எழுதி வெளியிட்டார். சதிக் கதைகளை நம்பி அவர் விலகவில்லை, உள்ளே இருந்து பார்த்துவிட்டு விலகினார் என்பதால் அவருடைய சாட்சி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு மனைவியாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம்படி ஐயா சேர்ந்திருக்கும் ஆங்கில மரபு லாட்ஜ்களில் பெண்களுக்கு இடமில்லை. நானும் என் கணவரும் ஒன்றாய் முழங்கால்படியிடுகிறோம். ஒரு பலிபீடத்துக்கு முன்னால் அவர் எனக்குச் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லி உறுதியளித்திருந்தால், எங்கள் வீட்டு ஜெபத்தில் ஒரு மூலை இருளாகவே இருக்கும்.

மூன்றாம்படி

சகோதரியின் கடைசிப் பத்தியைப் பலமுறை வாசித்தேன். என் மனைவிக்கு நான் மேசன் என்பது தெரியும். எந்த நாளில் கூட்டம், என்ன தர்மகாரியம் செய்தோம் என்பதெல்லாம் தெரியும். ஒருவரையொருவர் அடையாளம் காணும் சைகைகளும் சொற்களும் மட்டுமே நாங்கள் காப்பவை. சடங்குகளோ 1730ஆம் ஆண்டு முதலே அச்சில் வெளிவந்துவிட்டன. உறுதிமொழி எடுக்கும் முன்பே, இதில் உம் சமயக் கடமைகளுக்கு முரணானது எதுவும் இல்லை என்று எங்களிடம் சொல்லப்படுகிறது. ஆனாலும், அந்த வாக்கை நம்பித்தான் ஆணையிட்டேன், உள்ளடக்கத்தை அறிந்து ஆணையிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கேள்விக்கு நேர்மையான மேசன் எவரும் எளிதில் பதில் சொல்லிவிட முடியாது.

தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாட்டையும் நினைவூட்டுகிறேன். அமெரிக்காவின் மிகப்பெரிய புரொட்டஸ்டண்ட் சபையான அது, 1993ஆம் ஆண்டில் நீண்ட ஆய்வுக்குப் பின், மேசன் போதனைகளில் சில கிறிஸ்தவத்துக்கு ஒத்தவை, சில ஒவ்வாதவை என்று கூறி, முடிவைத் தனிமனிதரின் மனச்சாட்சிக்கு விட்டது.

நாகூர்க்காற்று

இது கிறிஸ்தவ நண்பர்களின் உரையாடல் என்றாலும் ஒரு தகவலைச் சேர்க்க அனுமதி வேண்டுகிறேன். 1978ஆம் ஆண்டில் மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) சபை, மேசன் அமைப்பில் சேர்வதை வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அரசியல் காரணங்கள், குறிப்பாக ஜியோனிசத்தோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டு, அதில் முன்னிற்கின்றன. உங்கள் உரையாடலில் வரும் இறையியல் காரணங்கள் அதைவிட ஆழமாக யோசிக்க வைக்கின்றன. எல்லாத் திருநூல்களையும் ஒரே மேசையில் சமமாக வைக்கும்போது எந்த நூலின் உரிமைக்கோரிக்கையும் அங்கே பேச முடியாமற்போகிறது என்பது எங்கள் ஆலிம்கள் பலருக்கும் உள்ள மனக்குறை.

மறைநூல்வாசகன்

நாகூர் நண்பர் தொட்ட இடம்தான் இந்த விவாதத்தின் நடு என்று நினைக்கிறேன். மூன்றாம்படி ஐயா எழுப்பிய கேள்வியையும், அதாவது பகைமை காட்டாத லாட்ஜுக்கு ஏன் தடை என்பதையும், இதனோடு சேர்த்தே பார்க்கலாம்.

இத்தாலிய அரசியல் கத்தோலிக்கத் தடையின் குரலைக் கடுமையாக்கியது உண்மை. 1870ஆம் ஆண்டில் உரோமை நகரமே திருத்தந்தையின் கையைவிட்டுப் போனது. இத்தாலிய ஒருங்கிணைப்பின் நாயகன் கரிபால்டி அந்நாட்டு மேசன் பேரவையின் தலைவராகவே இருந்தவர். அந்தக் காயத்தின் சூட்டிலேயே 1884ஆம் ஆண்டுச் சுற்றுமடலை வாசிக்க வேண்டும். தடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடைமுறையில் இருந்ததும் இல்லை. 1738ஆம் ஆண்டின் ஆணையைப் பாரிஸ் நீதிமன்றம் பதிவுசெய்யாததால், பிரான்சில் குருக்களே லாட்ஜ்களில் இருந்தார்கள். வியன்னாவில் மோட்சார்ட் 1784 டிசம்பரில் மேசனாகி, திருப்பலிக்கும் லாட்ஜுக்கும் இசையமைத்தார். அயர்லாந்துக் கத்தோலிக்கரின் விடுதலைக்குப் போராடிய டேனியல் ஓகானல் இளமையில் மேசனாக இருந்து பின்னர் விலகினார். பிலிப்பைன்ஸின் ஹொசே ரிசாலும் மேசன்தான். 1896ஆம் ஆண்டில் மரணதண்டனைக்கு முன் அவர் மேசன் உறவைக் கைவிட்டுத் திருச்சபைக்குத் திரும்பினாரா என்று இன்றுவரை அந்நாட்டார் வாதாடுகிறார்கள். துமாகெட்டே ஆயரின் கேள்விக்குப் பின்னால் அந்தப் பழைய புண்ணும் இருக்கிறது.

ஆனால் அரசியல் தணிந்த பிறகும் தீர்ப்பு ஏன் மாறவில்லை? 1974 முதல் 1980 வரை ஜெர்மானிய ஆயர்கள் அந்நாட்டு மேசன்களோடு உட்கார்ந்து பேசினார்கள். எதிரே இருந்தவர்கள் பகைவர்கள் அல்லர். முதல் மூன்று படிகளின் சடங்கு நூல்களைத் தாங்களே ஆயர்களுக்குப் பார்க்கக் கொடுத்தார்கள். ஆறு ஆண்டுகள் பேசிய பின், 1980 மே மாதத்தில், இரண்டிலும் ஒருவர் ஒரே நேரத்தில் இருக்க இயலாது என்று ஆயர் பேரவை அறிவித்தது. சதி என்ற சொல் அந்த முடிவின் அடித்தளம் அன்று. மெய்ம்மை என்பது யாராலும் முழுமையாக அறியப்பட முடியாதது, எல்லாச் சமயங்களும் அதை நோக்கிய சம முயற்சிகள் என்ற எண்ணம் சடங்கிலேயே ஊறியிருக்கிறது என்பதுதான் அவர்கள் கண்டது. கடவுள் மனிதரோடு பேசினார், மனிதரானார் என்று நம்புகிறவன் கூட்டந்தோறும் அவ்வாறு நம்பாதவனைப் போல ஜெபிக்கப் பழகினால், ஜெபிக்கிற விதமே அவன் நம்பிக்கையை மெல்ல மாற்றிவிடும்.

இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. பழைய ஆங்கில லாட்ஜ் ஜெபங்களில் கிறிஸ்துவின் பெயர் இருந்தது. 1813ஆம் ஆண்டில் இரு போட்டிப் பேரவைகள் இணைந்ததை ஒட்டி, யூதர்களும் பிறரும் தயக்கமின்றிச் சேரட்டும் என்று கிறிஸ்தவக் குறிப்புகள் நீக்கப்பட்டன. நீக்கியவர்களின் நோக்கம் நல்லது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிறிஸ்தவன் ஒருவன், மற்றவர் மனம் நோகாதிருக்கத் தன் ஆண்டவரின் பெயரை ஜெபத்திலிருந்து எடுத்துவிட உடன்படுகிறான் என்பது அந்த நல்ல நோக்கத்தின் விலை. அந்த விலையைக் கொடுக்கலாகாது என்கிறது என் திருச்சபை.

மூன்றாம்படி ஐயா 1877ஆம் ஆண்டைக் குறிப்பிட்டார். கடவுள் நம்பிக்கை வேண்டும் என்ற விதியை நீக்க அன்று முன்னின்று வாதாடியவர் புரொட்டஸ்டண்ட் போதகரான தெமோன். விசுவாசமுள்ள ஒருவரே, யார் மனச்சாட்சியையும் நெருக்கக் கூடாது என்ற அதே தர்க்கத்தை அடுத்த படிக்கு எடுத்துச் சென்றார். இங்கிலாந்து அதை ஏற்காதது உண்மைதான். ஆனால் அந்தப் பாதை 1723ஆம் ஆண்டு விதிநூலின் வாசலிலிருந்தே தொடங்குகிறது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

மூன்றாம்படி

கிறிஸ்துவின் பெயரைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: பள்ளிகளிலும் பொது விழாக்களிலும் எல்லோருக்கும் பொதுவான ஜெபத்தில் நாம் பங்கெடுக்கிறோம், அங்கே கிறிஸ்துவின் பெயரைச் சொல்லாததால் அவரை மறுதலித்துவிட்டோம் என்று எவரும் சொல்வதில்லை. லாட்ஜை ஆலயத்தின் இடத்தில் வைப்பவனுக்கு உங்கள் எச்சரிக்கை தேவை. அப்படிப்பட்டவர்களையும் நான் கண்டிருக்கிறேன், ஞாயிறு ஆலயம் விட்டுப்போய் லாட்ஜே போதும் என்றவர்களை. அவர்களுக்காக வருந்துகிறேன். நான் அப்படி ஆகவில்லை என்பது கர்த்தரின் கிருபை.

ஆயினும் பொருநைக்கரை தம்பிக்கு ஒன்று சொல்வேன். தம் திருச்சபைக்குக் கீழ்ப்படிவதாக வாக்களித்திருக்கும் ஒருவர், அதை மீறி எங்களிடம் வந்து இன்னொரு வாக்கைக் கொடுப்பதை நான் விரும்பமாட்டேன். முதல் வாக்கை இலகுவாக எடுத்துக்கொள்பவரின் இரண்டாம் வாக்கை எப்படி நம்புவது?

பொருநைக்கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்றாம்படி ஐயாவின் கடைசி இரண்டு வரிகளும், ஒலிவமரம் அக்காவின் வீட்டு ஜெபமும், ஜெபிக்கிற விதம் நம்பிக்கையை மாற்றும் என்ற வரியும் என்னை விடவில்லை.

அந்த மூத்தவரை நேற்று மாலை வீட்டில் சந்தித்தேன். என்னால் சேர இயலாது என்றும், காரணம் அவர் மீதோ அவர் நண்பர்கள் மீதோ உள்ள ஐயம் அன்று என்றும் சொன்னேன். காரணத்தை முழுமையாகக் கேட்டார். நான் இயேசுவின் பெயரைச் சொல்லி ஜெபிக்க முடியாத ஒரு பலிபீடத்தின் முன் மண்டியிட என்னால் ஆகாது என்றேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, இப்படி நேரில் வந்து சொன்னதே போதும் என்று என் கையைப் பற்றிக்கொண்டார்.

தாத்தாவைப் பற்றி மறைநூல்வாசகன் அவர்களுக்குத் தனிமடலில் எழுதிக் கேட்டிருந்தேன். திருச்சபைச் சட்டங்கள் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர்களையோ அதில் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களையோதான் கட்டுப்படுத்தும் என்று 11ஆம் விதியைக் காட்டினார். தாத்தாவுக்கு அவருடைய சபை அந்தத் தடையைச் சொல்லவே இல்லை. பேராயரே மேசனாக இருந்த காலம் அது. அவர் தம் மனச்சாட்சி அறிந்த அளவில் நேர்மையாக நடந்தார் என்று நம்புகிறேன். ஏப்ரனை என்ன செய்வது என்று அம்மா கேட்டார். வேதாகமத்தை எடுத்து வாசிக்க வெளியே வைத்துக்கொண்டோம். ஏப்ரனை மடித்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டோம்.

கொற்கைமுத்து

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். கத்தோலிக்கரான என் மைத்துனர் பத்து ஆண்டுகளாக ஒரு லாட்ஜில் உறுப்பினர். இந்தத் தடையே அவருக்குத் தெரியாது. இந்த இழையைக் காட்டியதும் கலங்கிப்போய், தான் திருச்சபை விலக்கத்துக்கு உள்ளாகிவிட்டேனா, உரோமைக்கு எழுத வேண்டுமா என்று கேட்கிறார்.

மறைநூல்வாசகன்

அஞ்ச வேண்டாம் என்று சொல்லுங்கள். சேர்ந்த கணமே விலக்கம், உரோமைக்கே ஒதுக்கப்பட்ட மன்னிப்பு என்பவையெல்லாம் 1917ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருந்தவை. இன்றைய சட்டத்தில் அவை இல்லை. ஒரு செயல் பெரும் பாவம் என்பதை அறியாமல் செய்தவரின் குற்றப்பொறுப்பும் அறிந்து செய்தவருடையதைப் போன்றது அன்று. லாட்ஜுக்குத் தாம் விலகுவதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கட்டும். இயலுமானால் காரணத்தையும் மரியாதையோடு குறிப்பிடட்டும். அதன்பின் தம் பங்குத்தந்தையிடம் சென்று ஒப்புரவு அருளடையாளத்தைப் பெறட்டும். வரும் ஞாயிறே அவர் நற்கருணை வாங்கலாம்.